வெற்றிக்காக வேண்டிக்கொள்ளாத அம்மா

மயிலாடுதுறையில் என் அம்மாவை அறிந்தவர்களில் சிலருக்கு அவர் ஐப்பசி முழுவதும் விடியற்காலையில் காவிரியின் துலாக்கட்டப் படித்துறையில் நீராடுபவர். வேறு சிலருக்கோ, பெண்கள் பள்ளித் திடலின் வேலியோரம் நின்று மாலை மங்கும்வரை பூப்பந்தாட்டம் பார்ப்பவர். வீட்டில் அவருடன் வாழ்ந்த எங்களுக்கு இவ்விரண்டும் தனித்தனியாகத் தெரிந்ததே இல்லை. அவர் மறைந்து ஓராண்டு நிறையப் போகும் இவ்வேளையில், என் மகள் தன் அப்பாயியைப் பற்றி ஓயாமல் கேட்கும் கேள்விகளுக்கு விடையாகவே இதை எழுதுகிறேன்.

1960களில் அம்மா பள்ளியின் பூப்பந்து அணியில் நடு ஆட்டக்காரராக இருந்தார். தஞ்சை அரச குடும்பத்தார் ஆடி வளர்த்ததாகச் சொல்லப்படும் இந்த ஆட்டம் டெல்டா ஊர்களின் பள்ளித் திடல்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. மஞ்சள் கம்பளி நூலால் ஆன பந்து 30 கிராமுக்கு மேல் இராது என்பதால், திறந்தவெளியில் வீசும் காற்று ஒவ்வொரு அடியையும் திருப்பிவிடக்கூடும். ஐவர் கொண்ட அணியில் முன்னால் இருவரும் பின்னால் இருவரும் நிற்க, நடுவில் நிற்பவர் இரு பக்கத்துக்கும் ஓடிப் பந்தைக் காக்க வேண்டும். திருமணத்தோடு அம்மாவின் ஆட்டம் நின்றுபோனது. அதை ஒரு குறையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அது இன்றும் குறையாகவே படுகிறது.

அவருடைய பக்தி நேரம் தவறாதது. வெள்ளிக்கிழமைகளில் மயூரநாதர் கோயிலில் அபயாம்பிகை சந்நிதி, மார்கழியில் நாளுக்கொரு திருப்பாவைப் பாசுரம், ஐப்பசிக் கடைசி நாளில் கடைமுகத் தீர்த்தம் என்று ஆண்டு முழுவதும் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஆயினும் ஆட்டத்தில் வெற்றி வேண்டும் என்று அவர் எந்தச் சந்நிதியிலும் கேட்டதில்லை. 1988 பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுடன் டெஸ்ட் நடந்தபோது, இந்தியா ஜெயிக்க ஒரு விளக்கு ஏற்றும்படி சிறுவனாகிய நான் கெஞ்சினேன். "எதிர்ல ஆடுறவனோட அம்மாவும் எங்கேயோ வெளக்கு ஏத்தியிருப்பா தம்பி. யாருக்கும் அடிபடாம ஆட்டம் முடியணும்னு மட்டும் கேட்டுக்க" என்றார். அந்த டெஸ்டில்தான் நரேந்திர ஹிர்வானி தம் முதல் ஆட்டத்திலேயே 136 ரன்கள் கொடுத்து 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்துல் ஜப்பாரின் தமிழ் வருணனைக்குப் பெரும் ரசிகையான அம்மாவுக்கு அடுப்படி வானொலியே போதுமானதாக இருந்தது. விக்கெட் கீப்பர் கிரண் மோரே அடுத்தடுத்து ஸ்டம்பிங் செய்ததை, கேட்டதைக் கொண்டே கரண்டியும் கையுமாக எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

அவர் யார் என்பது எனக்கு முழுமையாகப் புரிந்தது 1999 ஜனவரி 31 அன்றுதான். அன்று பௌர்ணமி, அம்மாவுக்கு விரதம். சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 271 ரன்கள் இலக்கு. 82 ரன்களுக்கு ஐந்து விக்கெட்டுகள் விழுந்த பின்னும், முதுகுவலியோடு சச்சின் 136 ரன்கள் எடுத்து அணியைக் கரையருகே கொண்டுவந்திருந்தார். இன்னும் 17 ரன்களே தேவைப்பட்ட நிலையில் அவர் ஆட்டமிழக்க, எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் நான்கு ரன்களுக்குள் சரிந்து, பாகிஸ்தான் 12 ரன்களில் வென்றது. எங்கள் கூடத்தில் யாரும் பேசவில்லை. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வரத் தொடங்கியதும், சேப்பாக்கத்துக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அதே நேரத்தில் அம்மாவும் எழுந்து நின்று கைதட்டினார். சித்தப்பா கோபித்துக்கொண்டார். "நல்லா ஆடுனவங்களுக்குத் தட்டாத கை, சாமியக் கும்பிட்டு என்ன ஆவப்போவுது?" என்று கேட்டுவிட்டு, அம்மா விளக்கேற்றப் போய்விட்டார். அன்று அந்த அரங்கம் செய்ததைப் பற்றிப் பலரும் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு நினைவில் நிற்பது எங்கள் கூடத்தில் தனியாக எழுந்த அந்த ஒரு கைதட்டல்.

விசுவநாதன் ஆனந்த் 1969இல் எங்கள் ஊரில் பிறந்தவர் என்பதில் அம்மாவுக்கு அளவற்ற பெருமை. அவருக்குச் சதுரங்கம் கற்றுத்தந்தவர் அவருடைய தாயார் என்பதில் அதைவிடவும் பெருமை. 2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலக சதுரங்கப் பட்டப் போட்டியில் கார்ல்சனிடம் ஐந்தாம், ஆறாம் ஆட்டங்களை அவர் தொடர்ந்து இழந்தது ஐப்பசி முடிவையொட்டிய நாட்களில். அப்போதும் அம்மா துலாக்கட்டத்தில் அவருடைய வெற்றிக்காக வேண்டவில்லை. "அந்தப் பிள்ளைக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வரணும்" என்று மட்டும் வேண்டிக்கொண்டதாகச் சொன்னார்.

பேத்தி பிறந்து வளர்ந்த பிறகு அம்மாவின் கைக்கு மட்டை திரும்ப வந்தது. முழங்கால் வலியோடு வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, சர்வீஸ் போடுவதற்கு முன் எதிர்வீட்டுத் தென்னை ஓலையைப் பார்த்துக் காற்றின் திசையை அறியச் சொல்லிக்கொடுத்தார். சர்வீஸில் பந்தை இடுப்புக்குக் கீழேதான் அடிக்க வேண்டும் என்ற விதியில் நூலளவும் விட்டுக்கொடுக்கமாட்டார். மகள் அழுத நாட்களும் உண்டு. விடுமுறைக் காலைகளில் இருவரும் சேர்ந்தே கோயிலுக்குப் போய்வருவார்கள்.

அம்மாவின் காரியத்துக்கு, அவருடன் பள்ளியில் ஆடிய மூதாட்டி ஒருவர் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். ஓர் இறுதியாட்டத்தில், வெளியே போய் விழுந்த பந்து அம்மாவின் மட்டையில் உரசியதை நடுவர் கவனிக்காதபோது, அம்மா தாமே கைதூக்கிச் சொன்னாராம். அந்தப் புள்ளியோடு கோப்பையும் போயிற்றாம். அணியினர் பல நாட்கள் அம்மாவிடம் பேசவில்லையாம். இதை அம்மா எங்களில் ஒருவரிடமும் சொன்னதில்லை. என் மகள் அந்த மூதாட்டியின் அருகில் அமர்ந்து, உரசிய இடம் மட்டையின் விளிம்பா நரம்பா என்பதுவரை கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அம்மாவின் ஆண்டுத் திதி ஆடி மாதத்தில் வருகிறது. மகளின் பள்ளி அணிக்குக் குறுவட்டப் போட்டியும் அதே நாளில் அமைந்துவிட்டது. போட்டிக்கு அனுப்பலாமா என்று உறவினர்கள் தயங்கினார்கள், நான் தயங்கவில்லை. விடியற்காலையில் காவிரிக்கரையில் திதி கொடுத்துவிட்டு, எட்டு மணிப் பேருந்தில் அவளுடன் நானும் திடலுக்குப் போகிறேன்.