கரிநெருப்பு

நேற்று வீட்டில் கத்திவிட்டேன், அப்புறம் ஜெபிக்க உட்கார்ந்தால் வாயே திறக்கவில்லை, கோபம் எழுந்துபோன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. கோபப்படுவதே பாவம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பைபிளில் எபேசியர் 4:26 அப்படிச் சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் எரிச்சல் தணியட்டும் என்கிறது (நான் கோட்டைவிட்டது அங்கேதான்).

சரி, வெட்கத்தை என்ன செய்வது? சீடன் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது கரிநெருப்பில் குளிர்காய்ந்தபோது, யோவான் சுவிசேஷம் 18இல். 21ஆம் அதிகாரத்தில் கடற்கரையில் மறுபடியும் ஒரு கரிநெருப்பு, அதன்மேல் மீன், கூடவே அப்பம். ஏன் மறுதலித்தாய் என்று இயேசுவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. முதலில் சாப்பாடு, அது முடிந்த பிறகுதான் என்னை நேசிக்கிறாயா என்ற கேள்வி, அதுவும் மூன்று தடவை. மூன்றாம் தடவை பேதுரு துக்கப்பட்டான், எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

காலையில் எழுந்ததும் போய் மன்னிப்புக் கேட்டேன். ஜெபம் அப்புறம்தான்.