புள்ளி காணாமல் போன கதை

நண்பனின் பாட்டுத் தொகுப்புக்கு அட்டைப்படம் செய்து கொடுத்தேன். தலைப்பு: பாலாற்று மணல். காட்பாடி போகும் பாலத்திலிருந்து எடுத்த படம் கையில் இருந்ததால் படத்துக்கு அலையவில்லை. எழுத்துருதான் மூன்று நாள் தூக்கத்தைத் தின்றது.

கணினியில், 3000 பிக்சல் சதுரத்தில், அந்த மெல்லிய எழுத்து அவ்வளவு அழகு. போனில் பாட்டுப் பட்டியலுக்குள் நக அளவுக்குச் சுருங்கியதும் புள்ளி இரண்டும் மணலோடு மணலாகிவிட்டன. 'பாலாறறு மணல' என்று பல்லிளிக்கிறது! 12 அங்குல எல்பி இசைத்தட்டு உறை காலத்தில் இந்தத் தொல்லை இருந்திருக்காது. (தடித்த எழுத்துருவும் போட்டுப் பார்த்தேன். தேர்தல் சுவரொட்டி மாதிரி ஆகிவிட்டது.)

கடைசியில் வேலூர் லாங் பஜார் பக்கம் கடைப் பலகை எழுதும் பெரியவரிடம் போனேன். "தம்பி, புள்ளிய எழுத்தோட ஒட்டி வைக்காத, மூச்சு விட இடம் குடு" என்றவர், பட்டை பிரஷின் முனையை ஒரு திருகு திருகிப் புள்ளி வைத்தார். மிளகு அளவு இல்லை, கொண்டைக்கடலை அளவு. தலைப்பு முழுவதையும் அவர் கையாலேயே எழுதி வாங்கி ஸ்கேன் செய்துவிட்டேன்.

இப்போது நண்பனுக்கு ஒரே குறை: அவன் பெயர் சின்னதாகிவிட்டதாம். சரி, அதற்கும் பெரியவரிடமே போகட்டும்.