பார்க்காத ஆற்றுக்குத் தன் பெயர்

கனடாவின் கம்லூப்ஸ் ஊருக்கு வந்த புதிதில், ஆறு என்றாலும் தாம்சன், பல்கலைக்கழகம் என்றாலும் தாம்சன். யாரோ உள்ளூர்ப் பெரிய மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். வடதாம்சனும் தென்தாம்சனும் ஊருக்கு நடுவிலேயே சேருகின்றன. ஊர்ப் பெயரே ஆறுகள் கூடுமிடம் என்று பொருள்படும், இந்த மண்ணின் பூர்வகுடிகளான செக்வெபெம்க் மக்களின் சொல்லிலிருந்து வந்ததுதான். பவானிக்காரனான எனக்கு அது கூடுதுறை. வேலை கிடைக்காத முதல் குளிர்காலத்தில் தினமும் கரைக்குப் போய், விரல் விறைக்கும்வரை நின்றுவிட்டுத் திரும்புவேன்.

அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பெயருக்குரிய நில அளவையாளர் டேவிட் தாம்சன் இந்த ஆற்றைப் பார்த்ததே இல்லை! 1808இல் இந்த ஆறு பெரிய ஆற்றோடு சேரும் இடத்தைக் கடந்துபோன சைமன் ஃபிரேசர் அவர் பெயரை வைத்தார். கடலில் கலக்கும் அந்தப் பெரிய ஆற்றுக்கு ஃபிரேசர் பெயரை வைத்தவர் தாம்சன். மொய்க்கு மொய். ஆறுகளுக்கு ஏற்கெனவே பெயர் இருந்ததை இருவரும் பொருட்படுத்தவில்லை.

தாம்சன் லண்டன் தர்மப் பள்ளியில் படித்த, அப்பா இல்லாத பையன். 1784இல், 14 வயதில், விலங்குத் தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனி அவரைத் தொழில் பழக, ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் சர்ச்சில் என்ற இடத்துக்குக் கப்பலேற்றியது. நான் 31 வயதில் வந்தே விமான நிலையக் கழிப்பறையில் அழுதவன். 1788 டிசம்பரில் அவருக்குக் கால் முறிந்தது. நடக்க முடியாமல் கிடந்த காலத்தில்தான், கம்பர்லாந்து ஹவுஸ் என்ற கம்பெனிக் கிடங்கில், ஃபிலிப் டர்னர் என்ற அளவையாளரிடம் நில அளவை கற்றார். அதே சமயம் ஒரு கண்ணில் பார்வை போனது. மிச்சக் கண்ணை வைத்துக்கொண்டுதான் வானத்தை அளந்தார். சூரியனின் உயரத்தை அளக்கத் தொடுவானம் வேண்டும்; காட்டுக்குள் அது தெரியாதே? ஒரு தட்டில் பாதரசத்தை ஊற்றி, காற்றில் அலுங்காமல் கண்ணாடியால் மூடி, அதில் தெரியும் சூரியனுக்கும் மேலே இருக்கும் சூரியனுக்கும் இடையிலான கோணத்தை செக்ஸ்டன்டில் பிடிப்பார். பகலில் பீவர் தோல் கணக்கு, இரவில் நட்சத்திரக் கணக்கு.

1797இல் போட்டிக் கம்பெனிக்கு மாறினார். 1799இல் ஷார்லட் ஸ்மாலை மணந்தார். அவளுக்கு 13 வயதுதான். இன்று படிக்கவே சங்கடமாக இருக்கிறது. அவள் தாய் க்ரீ என்ற பூர்வகுடி இனத்தவர். தந்தையும் தோல் வியாபாரிதான். குடும்பத்தை இங்கேயே விட்டுவிட்டு பிரிட்டனுக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். தாம்சன் செய்யவில்லை. 1812இல் மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டு கிழக்கே போனார். தான் அளந்த மேற்குப் பகுதிகளை வைத்து 1814இல் முடித்த பிரம்மாண்ட வரைபடம் சோறு போடவில்லை. கருவிகளையே விற்க வேண்டியிருந்தது. 1857இல் அவர் போன மூன்று மாதத்துக்குள் ஷார்லட்டும் போனார்.

மார்ச்சில் என் மனைவியும் மகளும் வருகிறார்கள். ஆற்றின் படத்தை அனுப்பினேன். "பரிசல் இருக்காப்பா?" என்றாள் மகள். பரிசல் இல்லை. 1811இல் தாம்சன் ஆணியில்லாமல், சீடர் பலகைகளை மர வேரால் தைத்து ஓடம் கட்டிய கதையைச் சொன்னேன்.

"வேரால எப்படிப்பா தைப்பாங்க?"

நாளைக்கு நூலகத்தில் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.