ஸ்டாண்டன் நகரத்து எபிஸ்கோபல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) ஆலயத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் அவர்களை அழைத்து வருகிறவர்களுக்கும்

வர்ஜீனியா மாநிலத்து ஸ்டாண்டனில் சுமார் 25,000 பேர்தான். பெவர்லி தெரு டிரினிட்டி ஆலயத்தின் சபை 1746-இல் தொடங்கியது; 1781-இல் பிரிட்டிஷ் குதிரைப்படைக்குத் தப்பி வந்த வர்ஜீனியா சட்டமன்றம் இதே இடத்திலிருந்த பழைய கட்டடத்தில்தான் கூடியது. இந்த வரலாறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது பேசிக்கொள்ள உதவும். முதல் ஞாயிறு புதியவர் திணறுவது பக்க எண்ணில்.

அழைத்து வருகிறவர்களே, புதியவரை முன்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். எப்போது எழ வேண்டும், எப்போது முழங்கால்படியிட வேண்டும் என்று பார்த்துச் செய்ய முன்னால் ஆள் வேண்டும். நடு வரிசையே சரி. பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.

வழக்கமாகத் தேவைப்படுவது 1979 ஜெபப் புத்தகமும் 1982 பாட்டுப் புத்தகமும். நற்கருணை ஆராதனையின் 'இரண்டாம் முறை' (Rite Two) என்ற இக்கால மொழி வடிவம் 355-ஆம் பக்கத்தில் தொடங்கும். விசுவாசப் பிரமாணம் 358. அதுவரை சிக்கலில்லை. நற்கருணை ஜெபம் நான்கு வகை: முதல் வகை 361-இல் இருக்கிறது. ஆயர் இரண்டாம் வகையை எடுத்தால் 367-க்குத் தாவி, கர்த்தருடைய ஜெபத்துக்கு மறுபடி 364-க்குத் திரும்ப வேண்டும். இங்கேதான் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். 364-இல் முன்பே ஒரு தாளைச் செருகிக் கொடுங்கள். பாட்டுப் புத்தகத்திலும் ஒரு பொறி உண்டு: 'எஸ் 129' என்று போட்டிருந்தால் அது 129-ஆம் பாட்டு அல்ல. ஆராதனைப் பகுதிகளுக்கான இசை அடங்கிய 'எஸ்' வரிசை புத்தகத்தின் முன்பகுதியில் தனியாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சிட்டுத் தரும் சபைகளில் இந்தத் தொல்லை இல்லை.

நற்கருணை, ஞானஸ்நானம் பெற்ற எல்லாருக்கும் உண்டு. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் தயங்கவே வேண்டாம், சிஎஸ்ஐ, எபிஸ்கோபல் இரண்டும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தவை. வலது உள்ளங்கையை இடது கைமேல் வைத்து அப்பத்தை வாங்கலாம். வேண்டாதவர் கைகளை மார்பில் குறுக்காக வைத்தால் ஆசீர்வாதம் மட்டும் கிடைக்கும்.

தொடர்ந்து வருவதால் மட்டும் அங்கத்தினராகிவிட முடியாது. சொந்த ஊர் ஆயரிடம் ஞானஸ்நானச் சான்றும் மாற்றுக் கடிதமும் கேட்டு வாங்கிவாருங்கள். முந்தைய ஆண்டில் மூன்று முறையாவது நற்கருணை பெற்றவரே திருச்சபைச் சட்டப்படி நற்கருணைக்காரர் (communicant). 16 வயதானால் பெரியவர் கணக்கு. இலையுதிர் காலத்தில் ஆண்டுக் காணிக்கைக்கு வாக்குறுதி அட்டை வரும். அதை நம்மூர்ச் சந்தா என்று எண்ணிப் பயப்படாதீர்கள்; அது சபை வரவுசெலவு போடுவதற்கான மதிப்பீடு, தொகையை நடுவில் மாற்றலாம்.

ஊர்க் காரியங்களில் இடறுவது ஒன்றில்தான். ஸ்டாண்டன் தனி நகரம். சுற்றிலும் அகஸ்டா கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) இருந்தாலும் நகரம் அதில் சேராது. ஆனால் கவுண்டிக்குள் இருக்கும் பல வீடுகளுக்கும் அஞ்சல் முகவரி ஸ்டாண்டன் என்றே வரும். ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வீடு எதற்குள் வருகிறது என்று கேளுங்கள். கார் வரி, வாக்காளர் பதிவு, பள்ளிக்கூடம் எல்லாமே அதைப் பொறுத்தவை. கவுண்டி அலுவலகங்கள் வெரோனாவில் இருக்கின்றன. நகரவாசி அங்கே போய் வரிசையில் நின்று பயனில்லை. மாநில விதிப்படி, குடிவந்த 30 நாளுக்குள் காரைப் பதிய வேண்டும், ஓட்டுநர் உரிமத்துக்கு 60 நாள். ரயிலை நம்பி கார் வாங்காமல் இருக்க முடியாது: ஆம்ட்ராக் நிறுவனத்தின் கார்டினல் ரயில் வாரத்தில் மூன்று நாள்தான்.