ஸ்டாட் டி பிரான்ஸில் ஒரு சனிக்கிழமை இரவு

பள்ளிக்கூட ரக்பி அணியில் நாங்கள் நான்கு பேரும் ஒன்றாக ஆடியவர்கள். ஒருவன் ப்ராப், ஒருவன் ஹூக்கர், ஒருவன் விங்கர், நான் ஸ்க்ரம் ஹாஃப்; எல்லாம் ஆட்டத்தில் அவரவர் நிற்கும் இடத்தின் பெயர். இத்தனை வருடம் கழித்தும் எங்களுக்குள் அந்தப் பெயர்கள்தான். வேலை, குடும்பம் என்று ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும், பெரிய ஆட்டம் என்றால் போனில் கூடிவிடுவோம். 2023 ரக்பி உலகக் கோப்பை பிரான்ஸில் என்றதும் விங்கர்தான் ஆரம்பித்தான்: “டிவியில் பார்த்தது போதும் மச்சான், ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிடுவோம்.”

எந்த ஆட்டம் என்பதில் சண்டையே வரவில்லை. செப்டம்பர் 23, சனிக்கிழமை இரவு 9 மணி, பாரிஸ் பக்கத்தில் செயின்ட் டெனியில் உள்ள ஸ்டாட் டி பிரான்ஸ், அயர்லாந்தும் தென்னாப்பிரிக்காவும். தரவரிசையில் முதல் இடம் ஒருபக்கம், நடப்புச் சாம்பியன் மறுபக்கம். ப்ராப்பும் ஹூக்கரும் பிறவித் தென்னாப்பிரிக்கா கட்சி. நானும் விங்கரும் அயர்லாந்து.

முதலில் டிக்கெட், மற்றதெல்லாம் அப்புறம் என்று வைத்துக்கொண்டோம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்றுதான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிவருகிறேன். விமான டிக்கெட்டை மலிவாகக் கிடைக்கிறதென்று முதலில் வாங்கிவிட்டு, ஆட்டத்துக்கு டிக்கெட் இல்லாமல் தவித்த ஆட்களை எனக்குத் தெரியும். எங்களுக்கு நேரடி விற்பனையில் இரண்டுதான் கிடைத்தது. மீதி இரண்டுக்காகப் போட்டி நடத்துபவர்களின் அதிகாரபூர்வ மறுவிற்பனைத் தளத்தில் காத்திருந்தோம். போக முடியாமல் போனவர்கள் திருப்பிக் கொடுக்கும் டிக்கெட் அங்கே எந்த நேரத்திலும் எட்டிப்பார்க்கும். கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். நான்கு பேரும் முறை வைத்துப் பார்த்தோம். கடைசியில் ஹூக்கருக்குத்தான் ஒரு நாள் அதிகாலையில் மாட்டியது. வேறு பகுதி, வேறு அடுக்கு. பரவாயில்லை என்று உடனே எடுத்துவிட்டான். வெளி ஆட்களிடம் இரண்டு மடங்கு விலைக்கு நான்கு இருக்கையும் சேர்ந்தே கிடைத்திருக்கும். ஆனால் டிக்கெட் செல்லாமல் வாசலில் நிற்பதற்கு நாங்கள் தயாராக இல்லை.

அடுத்தது ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்தாக வேண்டும். பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரைகூட இழுக்கும். விங்கர் பாரிஸ் முடிந்ததும் இன்னொரு நாட்டுக்குப் போக ஆசைப்பட்டான். அதில் தப்பில்லை, ஆனால் அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். நான்கு பேருக்கும் ஒரே கதையாக இருக்கட்டும் என்று பிரான்ஸ் மட்டும் என முடிவு செய்தோம். கட்டணம் அப்போது 80 யூரோ. 2024 ஜூனில் 90 ஆகிவிட்டது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் கட்டாயம்.

ஆளாளுக்கு ஒரு விண்ணப்பம், ஆளாளுக்கு ஒரு கைரேகை. நண்பர்கள் கூட்டமாகப் போகிறோம் என்பதற்கு விசா மையத்தில் தனிச் சலுகை எதுவும் கிடையாது. எனக்கு இரண்டு இடத்தில் வயிற்றைக் கலக்கியது.

ஒன்று, ஹோட்டல். இரண்டு அறைகளையும் ஹூக்கர் தன் பெயரிலேயே பதிவு செய்திருந்தான். என் விண்ணப்பத்தைப் பார்த்தவர், “இதில் உங்கள் பெயர் எங்கே?” என்று கேட்டார். நியாயமான கேள்விதானே? தங்கப்போவது நான் என்பதற்கு அந்தத் தாளில் ஒரு அத்தாட்சியும் இல்லை. அன்றைக்கே ஹோட்டலுக்கு மெயில் அனுப்பி, நான்கு பேர் பெயரும் போட்ட பதிவுக் கடிதத்தை வாங்கிச் சேர்த்தோம்.

இன்னொன்று, ப்ராப்பின் பாஸ்போர்ட். நவம்பர் வரை செல்லும் என்று நிம்மதியாக இருந்தான். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து இன்னும் 3 மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும்; கொடுத்து 10 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. செப்டம்பர் 25 கிளம்புகிற எங்களுக்குக் கணக்குப்படி டிசம்பர் 25 தாண்டியாக வேண்டும். ஜூலை முதல் வாரத்தில் ஹூக்கர் எல்லோருடைய தேதியையும் நோட்டில் எழுதும்போதுதான் இது கண்ணில் பட்டது. ப்ராப் அன்றிரவு எங்கள் யாருடைய போனையும் எடுக்கவில்லை. மறுநாள் புதுப்பிக்கக் கொடுத்தான், மூன்று வாரத்தில் கைக்கு வந்தது. அவனுக்கு விசா கிடைத்தது பயணத்துக்கு ஒன்பது நாள் முன்பு. அந்த ஒன்பதாவது நாள் வரை மற்ற மூவரும் சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அவன் இல்லாமல் போவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவே இல்லை.

ஹோட்டலை மைதானத்துக்குப் பக்கத்தில் தேடாமல், திரும்பி வரும் வழியை வைத்துத் தேர்ந்தெடுத்தோம். ஸ்டாட் டி பிரான்ஸுக்கு ஆர்.இ.ஆர் பி, ஆர்.இ.ஆர் டி என்ற புறநகர் ரயில்களும் மெட்ரோ 13-ம் போகின்றன. ஆட்டம் முடியும்போது மணி பதினொன்று ஆகிவிடும். ஏறக்குறைய 80,000 பேர் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். அந்தக் கூட்டத்தில் ரயில் மாறி மாறி வருவதைவிட, 13-ம் எண் மெட்ரோவில் ஏறினால் நேராக இறங்கிவிடும்படி பிளாஸ் டி கிளிஷி பக்கம் அறை எடுத்தோம். சனிக்கிழமை இரவு மெட்ரோ மற்ற நாட்களைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடும் என்பதும் தைரியம் கொடுத்தது.

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. அன்றைய சாதாரண மெட்ரோ டிக்கெட் 13-ல் மைதானம் வரை செல்லும், ஆனால் ஆர்.இ.ஆரில் பாரிஸ் நகர எல்லைக்குள் மட்டும்தான். மைதானம் எல்லைக்கு வெளியே. அதே டிக்கெட்டோடு ஆர்.இ.ஆரில் போய் இறங்கினால் அபராதம். 2025 ஜனவரியில் ஒரே கட்டணம் கொண்டுவந்த பிறகு இந்தத் தொல்லை இல்லை. டிக்கெட்டை ஏற்றித் தட்டிக்கொண்டு போகும் நவிகோ ஈஸி அட்டையும் ஆளுக்கொன்று வேண்டும், ஒரே அட்டையை நான்கு பேர் தட்டிக்கொண்டு போக முடியாது.

ஆட்ட நாளன்று மதியம் கான்கார்ட் சதுக்கத்தில் ரசிகர்கள் கூடிப் பார்க்க அமைத்திருந்த ரக்பி கிராமத்துக்குப் போனோம். பெரிய திரையில் ஜார்ஜியாவும் போர்ச்சுகலும். இரண்டுமே எங்கள் அணி இல்லை, ஆனாலும் கடைசி நிமிடங்களில் ஒருவரும் உட்காரவில்லை. 18–18 என்று சமனில் முடிந்தபோது முன்பின் தெரியாதவர்கள் எங்களைக் கட்டிப்பிடித்தார்கள். விங்கர் அங்கேயே இருந்துவிடலாம் என்றான். நான் விடவில்லை. போட்டியின் முதல் வாரத்தில் மார்செய் மைதான வாசலில் கூட்டம் நெரிந்து, பலர் ஆட்டம் தொடங்கிய பிறகும் வெளியே மாட்டிக்கொண்ட செய்தி மனதிலேயே இருந்தது. ஆறரைக்கெல்லாம் மைதானத்தில் நின்றோம். பெரிய பை எதுவும் கொண்டுபோகவில்லை. டிக்கெட் போனில்தான் என்பதால் அவரவர் டிக்கெட்டை அவரவர் போனுக்கு முதல் நாளே மாற்றிவைத்திருந்தோம், பவர் பேங்கும் கையில். பத்து நிமிடத்தில் உள்ளே.

இரண்டு இரண்டு இருக்கைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்ததில் நானும் ப்ராப்பும் ஒன்றாக விழுந்தோம். ரக்பியில் ரசிகர்களைக் கட்சிவாரியாகப் பிரித்து உட்காரவைக்கும் வழக்கம் இல்லை. என் இடப்பக்கம் பச்சைச் சட்டை அயர்லாந்துக் குடும்பம், ப்ராப்பின் வலப்பக்கம் தென்னாப்பிரிக்கத் தம்பதி. நடுவில் நாங்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு கட்சி.

ஆட்டம் தொடங்கி கொஞ்ச நேரம் என் முகத்தில் ஈயாடவில்லை. அயர்லாந்து தன் லைன்அவுட்களை (பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தை உள்ளே வீசி ஆட்டத்தைத் தொடர்வது) அடுத்தடுத்து பறிகொடுத்தது. டிவியில் கேமரா பந்தின் பின்னால் போய்விடும். நேரில் பார்க்கும்போதுதான் பந்து வீசுவதற்கு முன்பே தென்னாப்பிரிக்கர்கள் எங்கே நகர்கிறார்கள் என்பது தெரிகிறது. “பார்த்தியா, பந்து வரும் இடம் அவர்களுக்கு முன்னாடியே தெரியுது” என்று ப்ராப் காதில் சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு அயர்லாந்தின் மேக் ஹேன்சன் எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ட்ரை போட்டார், ட்ரைக்குப் பின் கிடைக்கும் கன்வர்ஷன் உதையைச் செக்ஸ்டன் உள்ளே அடித்தார். இடைவேளையில் அயர்லாந்து 7–3.

இரண்டாம் பாதியில் செஸ்லின் கோல்பே ட்ரை போட்டு தென்னாப்பிரிக்கா 8–7. தென்னாப்பிரிக்கா மாற்று ஆட்கள் எட்டு பேரில் ஏழு பேரை ஃபார்வர்டுகளாகவே, அதாவது ஸ்க்ரம்மில் தள்ளும் ஆட்களாகவே கொண்டுவந்திருந்தது. அந்தப் புதுக் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியபோது ப்ராப் எழுந்து நின்றுவிட்டான். ஸ்க்ரம்மில் இரண்டு அணி ஃபார்வர்டுகளும் கோத்துக்கொண்டு மோதும் சத்தம் எங்கள் அடுக்கு வரை கேட்டது. ஆனால் உதை தென்னாப்பிரிக்காவைக் கைவிட்டது. லிபோக்கும் டி கிளர்க்கும் சேர்ந்து ஒரு கன்வர்ஷன், மூன்று பெனால்டி என்று 11 புள்ளிகளைத் தவறவிட்டார்கள். செக்ஸ்டனும் அவருக்குப் பின் வந்த கிரௌலியும் ஆளுக்கொரு பெனால்டி அடித்து 13–8. கடைசி நிமிடத்தில் தென்னாப்பிரிக்கா அயர்லாந்தின் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் மால் அமைத்து, அதாவது பந்து வைத்திருப்பவரைச் சுற்றிக் கூட்டமாகக் கோத்துக்கொண்டு, தள்ளியது. பக்கத்து அயர்லாந்துக் குடும்பத்தின் சின்னப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான். மால் நகரவில்லை. விசில்.

ப்ராப்புக்குக் கண் கலங்கியிருந்தது. பக்கத்துத் தென்னாப்பிரிக்கர் அவன் தோளில் கை போட்டு, எங்களைத் தாண்டி எட்டி அயர்லாந்துக்காரரிடம் கை கொடுத்தார். ரசிகர்களின் பாட்டு ஓயும் வரை, அரை மணி நேரத்துக்கு மேல் நாங்கள் இருக்கையை விட்டு எழவில்லை. இது முன்பே போட்ட திட்டம்தான்: முதல் அலையில் போகாமல், கூட்டம் கொஞ்சம் வடிந்த பிறகு, முன்கூட்டியே பேசிவைத்த வாசலில் நால்வரும் சேர்வது. அந்த நேரத்தில் போனில் சிக்னல் கிடைக்கவே இல்லை. இடம் பேசிவைக்காமல் இருந்தால் தேடி அலைந்திருப்போம். ஒரு மணிக்கு முன்பே அறைக்கு வந்துவிட்டோம், விடியும் வரை யாரும் தூங்கவில்லை. பள்ளி மைதானத்தில் தோற்ற ஒரு இறுதி ஆட்டத்தைப் பற்றி ஹூக்கர் எங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றை அன்றைக்குத்தான் சொன்னான்.

அக்டோபர் 28 இறுதி ஆட்டத்தை அவரவர் வீட்டிலிருந்து போனில் பேசிக்கொண்டே பார்த்தோம். நியூசிலாந்தை தென்னாப்பிரிக்கா 12–11 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்தது. அந்த 12 புள்ளியும் போலார்டின் உதையில் வந்தவை. அன்றைக்கு ப்ராப்பின் சத்தத்தில் அவன் வீட்டுக் குழந்தைகள் எழுந்துவிட்டார்கள். அடுத்த உலகக் கோப்பை 2027-ல் ஆஸ்திரேலியாவில் என்று விங்கர் எழுதினான். பத்து நொடியில் ப்ராப்பிடமிருந்து ஒரு படம் வந்தது: அவனுடைய புது பாஸ்போர்ட்டின் கடைசித் தேதி, 2033.