காற்றாடிமலையில் அம்மா செலுத்திய நேர்ச்சை

2025 ஜனவரி 14ஆம் நாள் விடியற்காலையில் ஆரல்வாய்மொழி அருகே, விசுவாசத்துக்காகப் புனித தேவசகாயம் உயிர்விட்ட காற்றாடிமலைப் பாறையின் முன் என் அம்மா முழந்தாளிட்டபோது, அவருடைய வலக்கை எங்கள் ஊரின் எதிர்த்தெருப் பெண் ஒருவரின் கையைப் பற்றியிருந்தது. அந்தக் கைகளுக்குள் ஒரே துணி முடிச்சில் உப்பும் நல்லமிளகும் இருந்தன. எங்கள் இரண்டு தெருக்களிலிருந்தும் நாற்பத்தொரு பேர் அன்று ஒன்றாக நடந்து வந்திருந்தோம். நேர்ச்சை நிறைவேறியதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். எழுதும்போதும் நன்றியில் கண் நிறைகிறது, ஆண்டவருக்குத் தோத்திரம்.

தாமிரபரணி கடலை நெருங்கும் பகுதியில் இருக்கிறது எங்கள் ஊர். கோயில் ஒன்று, பங்கு ஒன்று, ஆனால் தெருக்கள் இரண்டு. 2021 செப்டம்பரில் மாதா திருவிழாவின்போது சப்பரம் எந்தத் தெருவுக்குள் முதலில் நுழைய வேண்டும் என்று எழுந்த பேச்சு கைகலப்பில் முடிந்தது. சப்பரத்தைத் தூக்குவதே நின்றுபோனது. தெருவின் பெயரால் நடந்த சண்டைக்கு உள்ளே இருந்த காரணம் என்ன என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஞானஸ்நானத் தொட்டியில் கழுவப்பட்ட பிறகும் நாம் விடாமல் வைத்திருக்கும் அழுக்கு அது. 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் நம்முடைய தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, அந்த நிகழ்ச்சியைப் பார்க்க எங்கள் ஊரில் இரண்டு திரைகள் கட்டப்பட்டன, தெருவுக்கு ஒன்றாக. எல்லா மனிதரும் ஒன்று என்று சாதி பாராமல் போதித்து, எல்லோருடனும் கலந்து பழகியவரை, நாங்கள் முதுகுக்கு முதுகு காட்டி அமர்ந்து வணங்கினோம். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை.

2023 டிசம்பர் 17ஆம் தேதி பெய்யத் தொடங்கிய மழையைத் தென்மாவட்டத்தார் யாரும் மறந்திருக்க முடியாது. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஆறும் குளங்களும் உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது மேட்டில் இருந்த கோயிலுக்குத்தான் இரண்டு தெருவும் ஓடியது. வலப்பக்கம் நாங்கள், இடப்பக்கம் அவர்கள். நனையாமல் காப்பாற்றிய அரிசி மூட்டைகள் அவர்களிடம் இருந்தன. சமைக்கும் அண்டாக்களோ எங்கள் தெரு மண்டபத்தில் பூட்டிக் கிடந்தன. சாவி வைத்திருந்த பெரியவர் தர மறுத்துவிட்டார். பிள்ளைகள் பசியில் அழுத இரண்டாம் நாள் காலையில், எழுபத்து மூன்று வயதான என் அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அம்மிக்குழவியால் அந்தப் பூட்டை உடைத்தார். “நாம இந்தத் தெருவுலதானம்மா இருக்கணும்” என்று தடுத்தவர்களில் நானும் ஒருத்தி. “கோயில் பாத்திரத்துக்கு ஏதுட்டி தெரு?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அண்டாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டே வந்தார். அடுத்த மூன்று நாளும் எல்லோருக்கும் ஒரே கஞ்சி.

வெள்ளம் எங்களை ஒன்றாக்கிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மையன்று. தண்ணீர் வடிந்ததும் பழைய கோபம் மேலே தெரிந்தது. பூட்டை உடைத்த வீடு என்று எங்கள் தெருவே எங்களை ஒதுக்கியது. வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வீட்டில் கூடும் அன்பியச் செபத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து சொல்லும் செபத்துக்கு, ஒருவரும் வரவில்லை. அம்மா விரித்த பாய் விரித்தபடியே கிடக்க, நானும் அவரும் மட்டும் செபமாலை சொல்லி முடித்த வெள்ளிகள் பல. அப்போதுதான் எதிர்த்தெருவிலிருந்து அந்தப் பெண் வந்தார். கணவரை இழந்தவர், வெள்ளத்தில் வீட்டின் பின்சுவரையும் இழந்தவர். கையில் செபமாலையைப் பிடித்துக்கொண்டு, திண்ணைகளில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் தெருவின் முழு நீளத்தையும் தனியாக நடந்து வந்து பாயில் உட்கார்ந்தார். மறுவாரமும் வந்தார். அவருடைய தெருவிலும் அவரை ஏசினார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தைரியம் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கு எனக்கு அந்த நடைதான் நினைவுக்கு வருகிறது. ஐந்தாவது வாரம் எங்கள் தெருவிலிருந்து ஒரு பாட்டி வந்தார். பிறகு அவருடைய மருமகள். தவக்காலம் முடிவதற்குள் வீட்டுக்குள் இடம் போதாமல் முற்றத்தில் பாய் போட்டோம்.

அந்த நாட்களில்தான் அம்மா நேர்ந்துகொண்டார். வரும் திருவிழாவில் ஒரே சப்பரம் இரண்டு தெருவுக்குள்ளும் போய்வந்தால், தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்திலிருந்து உயிர்விட்ட காற்றாடிமலை வரை, இரண்டு தெரு மக்களோடும் நடந்து வருவதாகப் பொருத்தனை. 2024 செப்டம்பர் 8 அன்று சப்பரம் போய்வந்தது. எந்தத் தெருவுக்குள் முதலில் போனது என்பதை நான் எழுதப்போவதில்லை. அன்று அதை யாரும் கேட்கவும் இல்லை.

ஜனவரி 13 மாலை வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில் இறங்கினோம். திருவிதாங்கூர் அரசின் அலுவலராக இருந்த நட்டாலம் நீலகண்டன், குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் மன்னர் மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவராக உயர்ந்த டிலனாயிடமிருந்து யோபுவின் கதையைக் கேட்டு மனம் மாறி, 1745 மே 14 அன்று இந்த ஊரில்தான் தேவசகாயம் ஆனார். இதெல்லாம் நமக்குச் சிறுவயது முதல் தெரிந்ததே. ஆனால் எங்கள் ஊரிலிருந்து வந்தவர்கள் அறியாத ஒன்றை அங்கே உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். இதே ஊரில் ஒரு காலத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்த சுவர் இருந்தது. பீடத்தில் மட்டும் சேர்ந்து, மக்கள் நிற்கும் இடத்தில் இரண்டாகப் பிரிந்த கோயில். 1910இல் கௌசானல் அடிகள் அந்தத் தடுப்பை இடித்தார். எதிர்த்தவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள், அவர் பின்வாங்கவில்லை, சுவர் மீண்டும் எழவில்லை. எல்லோரும் ஒன்று என்று சொன்னதற்காகவும் சேர்த்துச் சிலுவை சுமந்த தேவசகாயம் தலையில் தண்ணீர் வாங்கிய ஊரிலேயே அப்படி ஒரு சுவர் எழுந்தது என்பதை நினைக்க நெஞ்சு வலித்தது. அது விழுந்தது என்பதை நினைக்க மூச்சு வந்தது. எங்கள் தெரு மண்டபத்துச் சாவியை வைத்திருந்த அந்தப் பெரியவரும் எங்களுடன் வந்திருந்தார். அவர் நெடுநேரம் நடுக்கோயிலில், சுவர் இருந்த இடம் என்று எவரோ கையால் காட்டிய பகுதியில், தரையைப் பார்த்தபடியே நின்றார். ஒன்றும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு நடக்கத் தொடங்கினோம். காவல்கிணறு வரை பாட்டும் செபமுமாகச் சுலபமாகவே போனது. நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் சோதனை. கனரக லாரிகள் உரசுவதுபோல் கடந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் மெழுகுவர்த்தி ஒன்றுகூட நிற்கவில்லை. அம்மாவின் இடது முழங்கால் வீங்கத் தொடங்கியது. வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள் என்று எவ்வளவோ சொன்னோம். “எருமை மேல பின்னோக்கி உக்கார வச்சு, எருக்கமாலை போட்டு, ஊர் ஊராக் கொண்டு போனாங்க அவர. எனக்கு ஒரு முட்டுவலிதான?” என்றார். காற்றாலைகள் சூழ்ந்த முப்பந்தலில், இசக்கியம்மன் படத்துக்கு விளக்கேற்றிவைத்திருந்த ஒரு தேநீர்க்கடை அம்மாள் சுக்குக்காப்பி தந்து, அம்மாவின் காலுக்குத் தைலமும் தேய்த்துவிட்டார், காசு வாங்கவில்லை. அங்கிருந்து, சாவிப் பெரியவரின் தோளில் ஒரு கையும், எதிர்த்தெருப் பெண்ணின் தோளில் ஒரு கையுமாகத்தான் அம்மா நடந்தார்.

1745இல் புதிய பெயரோடு தேவசகாயம் ஊர் திரும்பியதும் இந்தக் கணவாய் வழியாகத்தான் இருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளில் சிறை, மூன்றாண்டுச் சித்திரவதை, அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி, கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று, மகிழ்ச்சியோடு நடந்த அதே வழியில், நாட்டின் எல்லையில் வைத்துச் சுட்டார்கள். அந்த இருட்டில் நடக்கும்போது இதை நினைத்தால் கால்வலியைச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

மலையடிவாரத்தை நெருங்கியதும் மனம் கசக்கும் காட்சிகளும் இருந்தன. ரசீதுப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் சாலையோரத்தில் வண்டி நிறுத்த நூறு ரூபாய் கேட்டவர்கள் உண்டு. வரிசையில் நிற்காமல் பாறைக்கு அழைத்துப் போகிறேன் என்று காதில் வந்து சொன்னவர் ஒருவர். இரண்டு மடங்கு விலைக்கு மெழுகுவர்த்தியைத் திணித்தவர்கள் பலர். கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி இளைஞர் கூட்டம் முதியவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னேறியதைப் பார்க்க வேதனையாக இருந்தது. இரத்தம் சிந்தப்பட்ட இடத்துக்கு வருகிறவர்கள் ஒரு நொடி நின்று, பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்க்கக் கூடாதா? நெரிசலில் எங்கள் நாற்பத்தொரு பேரும் சிதறிப்போனோம். ஒரு வகையில் அதுவும் நல்லதாயிற்று. ஒருவரையொருவர் தேடியபோது யாரும் தெரு பார்த்துத் தேடவில்லை. எங்கள் தெருச் சிறுமி ஒருத்தி எதிர்த்தெரு அண்ணன் ஒருவரின் தோளில் அமர்ந்தபடி மற்றவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பாறைக்கு முன் எங்களுக்குக் கிடைத்தது மூன்று நிமிடங்கள்கூட இராது. தேவசகாயம் முழந்தாளிட்டுச் செபித்ததாக நம் முன்னோர் காட்டிவந்த இடம் அது. வீங்கிய காலை மடக்க முடியாமல் அம்மா தடுமாறினார். அந்தப் பெண் முதலில் தாம் முழந்தாளிட்டு, தம் மடியைத் தாங்கலாகக் கொடுத்து அம்மாவை இறக்கினார். உப்பு முடிச்சை அம்மா அவர் பக்கம் நீட்டி, “நீங்களும் பிடிங்க மதினி” என்றார்.

மதினி. எங்கள் ஊரில் அந்தச் சொல் ஒரு தெருவைத் தாண்டி இதுவரை போனதில்லை. பின்னால் நின்ற எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது. அந்தப் பெண்ணின் தோள்கள் குலுங்கின. அம்மா பாறையைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல், “ஒத்தையில நின்னீரே அப்பா, எங்கள ஒத்தையில விட்டுராதேயும்” என்று சொல்லி நெற்றியைக் கல்லில் வைத்தார். பல நாட்களாகத் தயாரித்து வைத்திருந்த என் மன்றாட்டுகளில் ஒன்றுகூட எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. பூட்டை உடைக்க வேண்டாம் என்று தடுத்த என் கையை நானும் அந்தப் பாறையில் வைத்தேன். கொஞ்சம் தள்ளி, மணியடிச்சான் பாறையை யாரோ கல்லால் தட்ட, அது வெண்கல மணிபோல் ஒலித்தது. சாவிப் பெரியவர் குனிந்து அம்மாவைத் தூக்கிவிட்டபோது அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது. ஆண்டவரே, இதைக் காண என்னை உயிரோடு வைத்திருந்தீரே. அதற்கு எப்படி நன்றி சொல்வேன்!

திருப்பலிக்குப் பிறகு கோட்டாறு சவேரியார் பேராலயம் சென்று கல்லறையைத் தொட்டு வணங்கினோம். அன்று தைப்பொங்கல், எல்லோருக்கும் வீட்டு நினைவு வந்துவிட்டது. வண்டி ஊரை நெருங்கியதும் யாரை எந்தத் தெருவில் முதலில் இறக்குவது என்று ஓட்டுநர் கேட்டார். கோயிலில் நிறுத்தச் சொன்னார் அம்மா. அங்கே பிள்ளைகள் முற்றத்தில் மூன்று கல் கூட்டி, வெள்ளத்தில் கஞ்சி காய்ச்சிய அதே அண்டாவை ஏற்றியிருந்தார்கள். பச்சரிசி பொங்கிக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த நேர்ச்சை உப்பில் மீதியை எடுத்து மதினியின் உள்ளங்கையில் கொட்டினார். மதினி அதை அண்டாவைச் சுற்றித் தூவினார். பெரியவர் அகப்பையை எடுத்துக் கிண்டினார்.