திங்கள்கிழமை வயிற்றுவலி

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சனி, ஞாயிறு வராத வயிற்றுவலி திங்கள் காலை ஏழரைக்கு மட்டும் வந்தால், நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். வலி நிஜம்தான், பதற்றம் பல பிள்ளைகளுக்கு வயிற்றைத்தான் பிடிக்கும்.

2015–16 தேசிய மனநல ஆய்வில் 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலப் பிரச்சினை இருந்தது. நாற்பது பேர் வகுப்பில் மூன்று பேர். சில பள்ளிக் கணக்கெடுப்புகள் இதைவிடப் பல மடங்கு காட்டும். அவை பெரும்பாலும் மனநிலை பற்றிய கேள்வித்தாள் கொடுத்து, பதில்களுக்கு மதிப்பெண் போட்டவை. மதிப்பெண் கூடினால் டாக்டரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதுவே நோய் என்று ஆகாது.

பெற்றோர் சறுக்குவது லீவு போடும் இடத்தில். வீட்டில் இருந்ததும் வலி நின்றுவிடும். அந்த நிம்மதியே மறுநாள் பயத்தைக் கூட்டும். முதலில் பள்ளி கேட் வரை, பிறகு பிடித்த டீச்சரின் ஒரு பீரியட், பிறகு மதியம் வரை என்று நீட்டுங்கள். அதற்கு முன் அடி, கேலி, கழிவறைத் தொல்லை உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால், அதைத் தீர்க்காமல் அனுப்புவது அநியாயம்.

மனச்சோர்வு பிள்ளைகளிடம் அழுகையாகவே வரும் என்றில்லை, எரிச்சலாகவும் வரும். இரண்டு வாரம் விடாமல் சிடுசிடுப்பு, விளையாடப் பிடிக்காமை, தூக்கக் கேடு என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். ‘செத்துப்போகணும்’ என்று சொன்னால் அன்றே மருத்துவமனை.